கொலோனியா டெல் சாக்ரமென்டோ: யாரோடு நடப்பது, எவ்வளவு நேரம் நடப்பது?

உருகுவேயின் தலைநகர் மாண்டிவிடியோவுக்கு ஐடி வேலையாக வந்து சில மாதம் தங்கும் நம்மவர்களும் சரி, பியூனஸ் அயர்ஸ் வரை வந்துவிட்டுக் கையில் ஒரு நாள் மிச்சம் வைத்திருப்பவர்களும் சரி, என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். உருகுவேயின் பழைய ஊரான கொலோனியாவுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது, ஆனால் படகு, கைடு, சாப்பாடு எல்லாம் சேர்ந்த பேக்கேஜில் போவதா, ஊருக்குள் போய் உள்ளூர் கைடு நடத்தும் குழுவில் சேர்ந்துகொள்வதா, நமக்கென்று தனியாக ஒரு கைடு வைத்துக்கொள்வதா, இல்லை யாரும் வேண்டாம் என்று நாமே சுற்றிவிடலாமா?

நான்கு வழியிலும் போனவர்களை எனக்குத் தெரியும், நானும் போயிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஓர் இரவு தங்குங்கள், உள்ளூர் கைடோடு நடங்கள், மறுநாள் காலை நீங்களே அதே தெருக்களில் இன்னொரு முறை நடங்கள். ஆனால் இது எல்லோருக்கும் ஒத்து வராது. யாருக்கு எது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஊரின் கதை, சுருக்கமாக

இந்தக் கதை தெரியாமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அழகான பழைய தெரு, நல்ல போட்டோ என்பதோடு முடிந்துவிடும்.

ரியோ டி லா பிளாட்டா ஆற்றின் வடகரையில், பியூனஸ் அயர்ஸுக்கு எதிரே, தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நிலமுனை இது. 1680-ல் ரியோ டி ஜெனிரோவின் ஆளுநர் மனுவேல் லோபோ ஆட்களோடு வந்து இங்கே போர்ச்சுகலின் கொடியை நட்டார். எதிர்க்கரை ஸ்பானியர் சும்மா இருப்பார்களா, அதே ஆண்டே தாக்கிப் பிடித்துவிட்டார்கள். 1681-ல் லிஸ்பனில் ஒப்பந்தம் போட்டுத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார்கள். 1705-ல் மறுபடி பிடித்தார்கள், 1715-ல் உத்ரெக்ட் உடன்படிக்கை அதை மறுபடி போர்ச்சுகலுக்குக் கொடுத்தது. 1735 முதல் 1737 வரை நீண்ட முற்றுகை. 1762-ல் ஸ்பானியத் தளபதி பெத்ரோ தெ செவாயோஸ் பிடித்தார், அடுத்த ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையில் அதுவும் போர்ச்சுகலிடம் திரும்பியது. கடைசியில் 1777-ல் அதே செவாயோஸ் பெரிய படையோடு வந்து பிடித்து, இனி யாரும் இதைக் கோட்டையாக்க முடியாதபடி அரண்களை இடிக்க வைத்தார். ஏறக்குறைய நூறு வருடம், இரண்டு அரசுகள், ஒரே சின்ன ஊர்.

எதற்காக இத்தனை சண்டை? கடத்தல். தென்னமெரிக்கக் காலனிகளின் வணிகம் லிமா வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று ஸ்பெயின் வெகுகாலம் கட்டிப்போட்டிருந்தது. பியூனஸ் அயர்ஸ் வணிகர்களுக்கு அது கட்டுபடியாகவில்லை. எதிர்க்கரையில் போர்ச்சுகீசியரிடம் பொட்டோசிச் சுரங்கத்து வெள்ளியையும் மாட்டுத்தோலையும் கொடுத்தால் ஐரோப்பியச் சரக்கு கிடைத்தது, அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் இந்த வழியாகத்தான் விற்கப்பட்டார்கள். இந்தக் கரையில் எதிரிக்குக் கடிவாளம் போடத்தான் 1720களில் ஸ்பானியர் மாண்டிவிடியோவையே அமைத்தார்கள் என்பது அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது.

நமக்குச் சட்டென்று உறைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. 1763 ஜனவரியில் ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் சேர்ந்து கப்பல்களோடு வந்து ஊரை மீட்கப் பார்த்தார்கள். முன்னணிக் கப்பல் தீப்பிடித்து, பெரும்பாலான ஆட்களோடு இந்த ஆற்றில் மூழ்கியது. அந்தக் கப்பலின் பெயர் லார்ட் கிளைவ். ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கியவரின் பெயர் உலகத்தின் மறுகோடியில் ஓர் ஆற்றடியில் கிடக்கிறது.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: அந்த நடை, எது போர்ச்சுகீசியர் கை, எது ஸ்பானியர் கை என்று உங்கள் கண்ணுக்கே பிரித்துக் காட்டுகிறதா? நாகப்பட்டினம், சாந்தோம், யாழ்ப்பாணம் என்று போர்ச்சுகீசியத் தடங்கள் நம் பக்கமும் உண்டு. ஆனால் இரண்டு பேரும் ஒரே தெருவில் மாறி மாறிக் கட்டியதை அங்கே பார்க்க முடியாது. கொலோனியாவில் தரையைப் பார்த்தாலே போதும். போர்ச்சுகீசியர் போட்ட தெருவில் ஒழுங்கில்லாத கற்கள் இரு பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சரியும், மழைத்தண்ணீர் தெரு நடுவே ஓடும். ஸ்பானியர் போட்டதில் நடு உயர்ந்திருக்கும், தண்ணீர் இரு ஓரங்களுக்கும் வடியும், வீட்டோரமாக நடைபாதையும் இருக்கும். வீடுகளிலும் அப்படியே. கனமான கற்சுவரும் சரிவான ஓட்டுக்கூரையும் என்றால் பெரும்பாலும் போர்ச்சுகீசியக் கை, செங்கல் சுவரும் தட்டையான மொட்டை மாடியும் என்றால் ஸ்பானியக் கை. ஊரின் அமைப்பிலும் இது தெரியும். ஸ்பானியக் காலனி நகரங்கள் சதுரக் கட்டம் போட்டு எழுந்தவை, கொலோனியாவின் பழைய பகுதியோ நிலம் போன போக்கில் வளைந்து வளைந்து போகிறது. 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் இந்தக் கலவைக்காகத்தான். ஒரு கைடு குனிந்து இந்தச் சாக்கடைச் சரிவைக் காட்டிவிட்டார் என்றால் அதன்பிறகு நீங்களே கண்டுபிடித்துக்கொண்டு போவீர்கள், அந்தச் சந்தோஷமே வேறு.

இரண்டாவது, நேரம் உங்கள் கையில் இருக்கிறதா என்பது. மூன்றாவது மொழி. இங்கே எல்லாமே ஸ்பானிஷில்தான் நடக்கும், ஆங்கிலம் கேட்டால் கிடைக்கும், கேட்காமல் கிடைக்காது. நான்காவது கால். அந்தக் கற்கள் மேடுபள்ளமானவை, முட்டி வலி உள்ள அம்மா அப்பாவுக்கும், தள்ளுவண்டியில் குழந்தை இருப்பவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. செலவைக் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் விலைப்பட்டியலில் எழுதியிருக்கும் தொகை கொஞ்சம்தான் சொல்லும், மிச்சம் அங்கே போன பிறகு தெரியும்.

பியூனஸ் அயர்ஸிலிருந்து ஒருநாள் பேக்கேஜ்

காலையில் படகு, அங்கே ஒரு கைடு, மதியச் சாப்பாடு, மாலையில் திரும்பும் படகு. வேகமான படகு ஒன்றேகால் மணி நேரத்தில் ஆற்றைக் கடந்துவிடும். யோசிக்க எதுவும் இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம். ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது, ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இது நியாயமான தேர்வு.

ஆனால் அந்த நாள் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகத் துறைமுகத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் இது நாடு விட்டு நாடு போகும் பயணம். இரண்டு நாட்டுக் குடியேற்றச் சோதனையும் ஏறும் இடத்திலேயே நடக்கும், திரும்பும்போதும் அதே வரிசை. நடுவில் கிடைக்கும் நேரத்தில் சில பேக்கேஜ்கள் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு வெளியே ரியால் தெ சான் கார்லோஸ் காளைச் சண்டை அரங்கைக் காட்டப் போய்விடும். 1910-ல் திறந்து, 1912-ல் உருகுவே காளைச் சண்டையைத் தடை செய்ததும் நெடுங்காலம் வேலையற்றுக் கிடந்து, 2021-ல் மீண்டும் திறந்த கட்டடம், அதன் கதையும் சுவாரசியமானதுதான், ஆனால் நாம் தேடி வந்த இருநூறு வருடம் முந்தைய கதைக்கு அதோடு சம்பந்தம் இல்லை. அதுவும் போக, பழைய பகுதிக்கு மிஞ்சுவது ஒரு மணி நேர நடை. அருங்காட்சியகங்களுக்கு உள்ளே போக நேரமே இருக்காது.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது விசா. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் உருகுவே விதியை மட்டும் பார்த்தால் போதாது, மாலையில் அர்ஜென்டினாவுக்குள் திரும்புவது கணக்கில் புதிய நுழைவு, ஒருமுறை நுழைவு மட்டும் உள்ள விசாவோடு படகேறினால் சிக்கல். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இரண்டு தூதரகங்களின் பக்கங்களையும் பார்த்துவிடுங்கள். அடுத்தது வார இறுதி. படகுக் கட்டணம் நாளைப் பொறுத்து வெகுவாக ஏறி இறங்கும், அதே பேக்கேஜை செவ்வாய் புதனுக்கு மாற்றிப் பாருங்கள். சாப்பாடு சேர்ந்தது என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான் மேசைக்கு வரும், சைவம் என்றால் முன்பே எழுதிச் சொல்லி உறுதி வாங்க வேண்டும். சாப்பாடு இல்லாத பேக்கேஜ் எடுத்து நீங்களே பார்த்துக்கொள்வது மேல். ஃபைனா என்று கடலைமாவில் சுட்ட ஒரு தட்டை அப்பம் பிட்சா கடைகளில் கிடைக்கும், நம் நாக்குக்கு அது நன்றாகவே பிடிக்கும்.

உள்ளூர் கைடோடு குழு நடை

பழைய நகரத்தின் கோட்டை வாசலான போர்ட்டோன் தெ காம்ப்போ பக்கத்தில் சுற்றுலாத் தகவல் நிலையம் இருக்கிறது, குழு நடைகள் இந்தப் பக்கம் தொடங்குவதுதான் வழக்கம். கட்டணம் வைத்து நடத்துபவர்களும் உண்டு, முடிவில் விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்று நடத்துபவர்களும் உண்டு. பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம்.

நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இந்த ஊரிலேயே வாழ்கிறவர்கள் சொல்லும்போது விஷயம் வேறு மாதிரி வருகிறது. வாசலிலேயே அதைச் சோதித்துக்கொள்ளலாம். அந்த வாசல் 1745-ல் போர்ச்சுகீசிய ஆளுநர் வாஸ்கொன்செலோஸ் காலத்தில் எழுந்தது. ஆனால் மிஞ்சியிருந்த மதில்களும் 19-ம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, இன்று நாம் பார்க்கும் வாசலும் தூக்குப்பாலமும் 1968-க்குப் பிறகு நடந்த மறுகட்டுமானத்தில் எழுந்தவை. நல்ல கைடு எது பழைய கல், எது புதிதாக வைத்தது என்று கை வைத்துக் காட்டுவார். சுமாரான கைடு 1745 என்று மட்டும் சொல்லிவிட்டுப் போட்டோ எடுக்கச் சொல்வார்.

பெருமூச்சுத் தெரு என்று எல்லோரும் போட்டோ எடுக்கும் கலே தெ லோஸ் சுஸ்பிரோஸிலும் அப்படியே. மரண தண்டனைக் கைதிகளை ஆற்றுக்கு அழைத்துப் போன வழி என்று ஒரு கதை, விலைமாதர் வீடுகள் இருந்த தெரு என்று ஒரு கதை, காதலனுக்காகக் காத்திருந்து கத்திக்குத்துப்பட்ட பெண் என்று ஒரு கதை. மூன்றும் கேட்க நன்றாக இருக்கும், கேளுங்கள். ஆனால் அந்தத் தெருவின் உண்மையான விஷயம் காலடியில் இருக்கிறது, நான் மேலே சொன்ன நடுச்சரிவு அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரியும்.

குறைகள்: ஸ்பானிஷ் குழுவும் ஆங்கிலக் குழுவும் தனித்தனி நேரத்தில் கிளம்பும், ஆள் சேராவிட்டால் ஆங்கிலக் குழு கிளம்பாமலே போகலாம். ஜனவரியில் கூட்டம் பெருத்து, பின்னால் நிற்பவருக்கு எதுவும் கேட்காது. இலவசம் என்று சொல்லப்படும் நடை இலவசம் அல்ல, அந்தக் கைடுக்கு நீங்கள் கொடுப்பதுதான் சம்பளம், குடும்பமாகப் போனால் அந்தத் தொகையையும் மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். உள்ளே நுழைய டிக்கெட் வேண்டிய எந்த இடத்துக்கும் குழு போகாது.

தனிக் கைடு

விலையைக் கேட்டதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இங்கே பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று கிடையாது, நடைக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். இரண்டு குடும்பமாகப் போய்ப் பிரித்துக்கொண்டால் பேக்கேஜைவிட அதிகம் ஆகாது.

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறீர்களா, வேறு எதையும் யோசிக்காதீர்கள், இதுதான். அவர் உங்கள் வேகத்துக்கு நடப்பார், கல் மோசமாக இருக்கும் தெருவைத் தவிர்த்து மேஜர் பிளாசா என்ற சதுக்கத்தின் மரநிழலில் பெஞ்சில் உட்கார வைத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார். குழுவில் யாரும் தொடாத விஷயங்களை ஆழமாகக் கேட்கவும் இதில்தான் முடியும். உதாரணமாக, இந்தச் சண்டையைப் போர்ச்சுகீசியரும் ஸ்பானியரும் மட்டும் போடவில்லை. 1680-லும் அதற்குப் பிந்தைய முற்றுகைகளிலும் ஸ்பானியர் பக்கம் முன்னால் நின்று செத்தவர்களில் ஏராளமானோர் ஜெசுவிட் பாதிரியார்களின் மிஷன் ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட குவாரனிப் பழங்குடி மக்கள். 1750-ல் மாட்ரிட் ஒப்பந்தம் கொலோனியா ஸ்பெயினுக்கு என்று எழுதிவிட்டு, பதிலுக்கு அந்த ஊர்களில் ஏழு ஊர்களைப் போர்ச்சுகலுக்குத் தூக்கிக் கொடுத்தது. எங்கள் ஊரைவிட்டு ஏன் போக வேண்டும் என்று குவாரனிகள் எதிர்த்து நின்றதில் 1750களில் ஒரு போரே நடந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், கொலோனியா கைமாறாமலே அந்த ஒப்பந்தமும் 1761-ல் ரத்தானது. இந்தக் கரையில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கதையும் அப்படித்தான் விடுபட்டுப்போகிறது. இரண்டு அரசுகளின் பாரம்பரியம் என்று நடந்துவிட்டு இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் திரும்புவது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

குறைந்தபட்ச நேரம் எவ்வளவு என்று வைத்திருக்கிறார் என்பதையும், பணமாகத்தான் வேண்டுமா என்பதையும், அருங்காட்சியக டிக்கெட் சேருமா என்பதையும் முன்பே கேளுங்கள். வார இறுதிக்கு ஒரு வாரம் முன்பாவது பேசி வைக்க வேண்டும்.

நாமே நடப்பது

பழைய பகுதி மிகச் சிறியது, வழி தவறவே முடியாது. வாசலில் தொடங்கி, பெருமூச்சுத் தெரு வழியாக மேஜர் பிளாசா, அங்கே போர்ச்சுகீசிய அருங்காட்சியகமும் நகாரெயோ வீடும், மூலையில் சான் பிரான்சிஸ்கோ மடத்தின் இடிபாடும் அதற்குள்ளிருந்தே எழும் 1857-ன் கலங்கரை விளக்கும், அப்புறம் மனுவேல் லோபோ பிளாசாவில் போர்ச்சுகீசிய ஆளுநர் மாளிகையின் அஸ்திவாரம், பக்கத்தில் தேவாலயம், கடைசியில் ஆற்றங்கரை. விளக்கின் மேலே ஏறினால் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், ஏறியதும் தெருக்களின் வளைவு முழுசாகத் தெரியும்.

வாசித்துவிட்டு வருபவருக்கு இது மிக நல்ல வழி. வாசிக்காமல் வருபவருக்கு அழகான சுவர்கள் மட்டும். விளக்கப் பலகைகள் பெரும்பாலும் ஸ்பானிஷில் இருக்கும். நீலமும் வெள்ளையுமாக ஓடு பார்த்ததும் ஆகா போர்ச்சுகீசியம் என்று தோன்றும், ஆனால் ஓடு அருங்காட்சியகத்தில் இருப்பதில் பெரும்பகுதி பின்னாளில் பிரான்சிலிருந்து வந்தவை, இதைச் சொல்ல ஆள் வேண்டும் அல்லது முன்பே படித்திருக்க வேண்டும். டிக்கெட் ஒன்று வாங்கினால் பல அருங்காட்சியகங்களுக்குள் போகலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாரவிடுமுறை வெவ்வேறு நாள், காலை பதினொரு மணிக்கு மேல்தான் திறக்கும், மாலை ஐந்துக்குள் மூடிவிடும். ஒருநாள் பயணத்தில் வருபவர் போர்ச்சுகீசிய அருங்காட்சியகம் எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் தேதி போட வேண்டும்.

ஒரே பார்வையில்

| | இரண்டு கைகளையும் பிரித்துக் காட்டுமா | நேரம் | மொழி | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|---|
| பேக்கேஜ் | மேலோட்டமாக | அவர்கள் கையில் | ஆங்கிலம் எளிது | வார இறுதி விலை, மறுநுழைவு விசா |
| குழு நடை | கைடைப் பொறுத்து, பெரும்பாலும் ஆம் | ஒன்றரை மணி, பிறகு உங்களுடையது | ஆங்கில நேரம் கேட்டுக்கொள்ள வேண்டும் | அன்பளிப்பு |
| தனிக் கைடு | ஆழமாக | உங்கள் கையில் | பேசி முடிவு செய்வது | குறைந்தபட்ச நேரம், டிக்கெட் |
| நாமே | படித்திருந்தால் | முழுக்க உங்கள் கையில் | ஸ்பானிஷ் உதவும் | அருங்காட்சியக டிக்கெட், மூடும் நாள் |

தங்குவதா, திரும்புவதா

மேலே உள்ள நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கேள்வி மிச்சம் இருக்கும். கடைசிப் படகுக் கூட்டம் கிளம்பியதும் ஊர் அமைதியாகிவிடும். நிலமுனை மேற்கு நோக்கி இருப்பதால் சூரியன் ஆற்றில் இறங்குவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம், அந்த நேரத்தில் பேக்கேஜ்காரர்கள் துறைமுக வரிசையில் நிற்பார்கள். விடுதி வாடகை வெள்ளி சனியில் ஏறும், வாரநாளில் கணிசமாக இறங்கும். மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர், நவம்பர் என்றால் வெயிலும் கூட்டமும் தாங்கும்படி இருக்கும்.

மாண்டிவிடியோவில் இருப்பவர்களுக்குப் படகும் இல்லை, எல்லைச் சோதனையும் இல்லை. திரெஸ் குருசெஸ் பஸ் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், இறங்கும் இடத்திலிருந்து பழைய பகுதிக்கு நடந்தே போகலாம். உங்களுக்குப் பேக்கேஜ் தேவையே இல்லை. வியாழன், வெள்ளி விடுப்பு எடுத்து, முதல் நாள் மதியம் குழு நடை, இரவு தங்கல், மறுநாள் பதினொரு மணிக்கு அருங்காட்சியகம், மாலை பஸ் என்று போடுங்கள்.

பியூனஸ் அயர்ஸிலிருந்து ஒரே நாள்தான் என்பவர்கள் படகு டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கி, அங்கே குழு நடையில் சேருங்கள், காலை முதல் படகும் மாலைக் கடைசிப் படகும் எடுத்தால் பேக்கேஜ் தராத மூன்று நான்கு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பெற்றோரோடு வருபவர்கள் தனிக் கைடுக்கு எழுதும்போது இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்: போர்ச்சுகீசியத் தெருவையும் ஸ்பானியத் தெருவையும் அருகருகே காட்டுவீர்களா, குவாரனிகளைப் பற்றியும் ஆப்பிரிக்கர்களைப் பற்றியும் பேசுவீர்களா, நடுவில் உட்கார எங்கெங்கே நிறுத்துவீர்கள்? மூன்றுக்கும் விவரமாகப் பதில் எழுதுகிறவரைப் பதிவு செய்யுங்கள்.